தம்பி ஊரில எவடம்?



அண்மையில் எங்கள் குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் தொடங்கியது. அக்காவின் மகளுக்கு, அதாவது எனது மருமகளுக்கு, மாப்பிள்ளையாக வரப்போகும் பிள்ளை வடக்கே றெச்சியோ எமிலியாவில் இருந்து வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை வரை எங்களுடன் தங்கிச் சென்றார். அத்தான் காலமாகி எட்டு வருடங்கள் ஆகின்றன. ஆகையால் தாய்மாமன் என்ற முறையில் "விசாரிக்கும்" பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த நாட்களில் நான் கேட்ட கேள்விகளையும், கேட்கத் தொடங்கி இடையில் விட்ட ஒரு கேள்வியையும் பற்றியதே இக்கட்டுரை. வீட்டு விடயத்தைச் சங்க இதழில் எழுதுவதா என்று சிலர் எண்ணலாம். கலியாண வயதில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் இக்கேள்வி காத்திருக்கிறது என்பதால், பிள்ளைகள் இருவரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

ஊரில் என்றால் மாப்பிள்ளையை அவரிடமே விசாரிப்பதில்லை. தரகர் ஒன்று சொல்லுவார், குறிப்பு ஒன்று சொல்லும். பக்கத்து வளவு, சங்கக் கடை, படிப்பித்த வாத்தியார் என்று நாலு இடத்தில் காதைக் கொடுத்தால் மூன்று தலைமுறையின் கதை வந்து சேர்ந்துவிடும். இங்கே பக்கத்து வளவும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பிள்ளைகள் தாங்களே பொலோனியாவில் படிக்கும் காலத்தில் அறிமுகமாகி, தாங்களே விரும்பி, பிறகு எங்களுக்குச் சொல்லுகிறார்கள். பெரியவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதற்குள் என்னத்தைப் பார்ப்பது? எதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு?

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக் கணக்காளனாக வேலை பார்த்தவன். இங்கே காலையில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலை. மாலையில் எம்மவர் கடைகள் சிலவற்றின் கணக்கு. பழக்க தோஷத்தால் கணக்காய்வுக்குப் போகிறவன் போல ஒரு தாளில் எழுதி வைத்தேன்: வேலை, சம்பளம், கடன், வதிவிட அனுமதியான சொஜோர்னோ, குடி, தாய் தகப்பனின் பொறுப்பு. தாளில் எழுதாத கேள்வி ஒன்றும் இருந்தது. அதை ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணர் தொலைபேசியில் இரண்டு தரம் நினைவூட்டியிருந்தார். "எல்லாம் சரி, ஊரில எவடமாம்?"

இக்கேள்வியின் பொருளை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஊரைக் கேட்டு, பிறகு குறிச்சியைக் கேட்டு, பிறகு எந்தக் கோயிலடி என்று கேட்டால், வாயால் சொல்லாத ஒன்று தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைக் கேட்கும் வழியை நாம் நன்றாகப் பழகி வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளைப் பிள்ளையை என் வீட்டில் படுக்க வைத்தோம். சனி காலை பல்லறோ சந்தைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு மீனும் மரக்கறியும் வாங்கப் போனேன். தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. கடன் உண்டா என்று கேட்டதும், "ஓம் அங்கிள், அப்பா அம்மாவின்ர வீட்டுக் கடனுக்கு நானும் கையெழுத்து. இன்னும் பதினொரு வருசம் கட்ட வேணும். இவவுக்கு முதலே சொல்லிப்போட்டன்" என்றார். கடன் இருப்பது குற்றமல்ல. மறைப்பதே குற்றம் என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். எனக்கு மனம் ஆறுதலாயிற்று.

இரவு நண்டுக் குழம்பும் இடியப்பமும் சாப்பிட்ட பிறகு முந்நூற்றிநாலு விளையாடினோம். ஒருவரின் குணம் அறியச் சீட்டைப் போல வேறொன்றில்லை. நானும் அவரும் ஒரு பக்கம். நான் துரும்பைப் பிழையாக இறக்கிவிட்டேன். பிள்ளைக்குக் கோபம் வந்து, "அங்கிள், நீங்கள் என்னத்தைப் பாத்து விளையாடுறீங்கள்?" என்றார். அக்காவின் முகம் கறுத்துப் போயிற்று. அரை மணித்தியாலம் கழித்து, எல்லோரும் எழும்பிய பின், தேநீர்க் கோப்பையுடன் வந்து, "அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். கோபம் உண்டு, மன்னிப்புக் கேட்கவும் தெரியும் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறன்று பெல்லெகிரினோ மலைக்குப் போனோம். பலேர்மோவில் வாழும் எம்மவர்க்கு அந்த மலையைச் சொல்லத் தேவையில்லை. வேறு நாடுகளில் இதை வாசிக்கும் அடியார்களுக்காகச் சில வரிகள். நகரின் ஓரத்தில் கடலை ஒட்டி, சுமார் 600 மீற்றர் உயரமான மலை. அதன் குகைக்குள் ரொசாலியா என்னும் புனிதையின் ஆலயம். 12ஆம் நூற்றாண்டில் பிரபு குலத்தில் பிறந்த அவர், பெரியவர்கள் பேசிய கலியாணத்தை மறுத்து, தவம் செய்ய இங்கே வந்தார் என்பது இவ்வூர் மரபு. 1624இல் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவரது எலும்புகள் குகையில் கண்டெடுக்கப்பட்டு, 1625இல் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட, நோய் தணிந்தது என மக்கள் நம்புகிறார்கள். 1980களில் இந்நகருக்கு எம்மவர் வரத் தொடங்கிய நாள் முதல் கத்தோலிக்கரும் சைவரும் ஒன்றாகவே இம்மலை ஏறி வருகிறார்கள். கதிர்காமத்துக்கு நடந்தவர்களின் கால்களுக்கு மலையும் குகையும் தெய்வமும் அந்நியமாகப் படவில்லை.

பழைய கற்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். அக்காவும் மருமகளும் சற்றுப் பின்னால். வேறு யாரும் அருகில் இல்லை. அண்ணரின் கேள்வி என் வாயில் வந்து நின்றது. "தம்பி, அப்பா அம்மா ஊரில எவடம்?" என்றேன்.

பிள்ளை நின்று வியர்வையைத் துடைத்தார். "கேப்பீங்கள் எண்டு அம்மா சொன்னவ, அங்கிள். ஊர், குறிச்சி, கோயில், அப்பப்பாவின்ர பேர், எல்லாம் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தனான். எதில இருந்து சொல்ல?"

அதில் கோபமோ கிண்டலோ இல்லை. சோதனைக்கு வந்த மாணவன் போலத்தான் கேட்டார். ஆனால் "பாடமாக்கிக்கொண்டு வந்தனான்" என்ற சொல் என்னை அந்தக் கற்பாதையிலேயே நிறுத்திவிட்டது.

நானும் ஒருகாலம் அப்படிப் பாடமாக்கினவன். 2009இல் நாட்டை விட்டு வந்து இங்கே தஞ்சம் கோரியபோது, விசாரணைக்கு முந்திய இரவுகளில் பிறந்த இடம், படித்த பாடசாலை, இடம்பெயர்ந்த திகதிகள் என்று உறங்காமல் மனனம் செய்தேன். ஒரு திகதி பிழைத்தால் வாழ்க்கையே பிழைத்துவிடுமோ என்ற பயம். அதற்கு முன் கொழும்பில் இருந்த காலத்தில், சாவடியில் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள் தேடியது என் பெயரை அல்ல, பிறந்த இடத்தையே. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டே அது நின்றது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. எவ்விடத்தவர் என்பதே போதுமாயிருந்தது. அந்த அநியாயத்தை உலகெங்கும் சொல்லி முறையிட்ட நாம், எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளையை அதே சாவடியில் நிறுத்தலாமா?

"வேண்டாம் தம்பி, சொல்லாதையும். வாரும், மேல போவம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

அன்று முதல் இதைப் பற்றி எனக்குள் வாதாடி வருகிறேன். எதிர்வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஊர் கேட்பது பாசமல்லவா? உண்மைதான். ஊரை இழந்தவர்களுக்கு ஊர்ப் பெயர் மருந்து. ஒரே பாடசாலையில் படித்தோம், ஒரே தேரை இழுத்தோம் என்று கண்டுபிடிப்பதில் வரும் சந்தோசத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கேள்வியையும் மற்றக் கேள்வியையும் பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. வரும் பதிலால் என் முடிவு மாறுமா? மாறாது என்றால் அது பாசம். மாறும் என்றால் அது விசாரணை. பிள்ளை தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றுக்காக அவரை விசாரிப்பது எந்த நீதி?

கணக்கு எழுதும் முறையை முதன்முதலில் விளக்கமாக அச்சிட்டவர் இந்நாட்டுத் துறவியான லூக்கா பச்சியோலி. வெனிஸ் நகரில், 1494இல். சென்ற வருடத்தின் இறுதி மீதியே இவ்வருடத்தின் ஆரம்ப மீதி என்பது எங்கள் தொழிலில் மாறாத விதி. கடைக்கும் கொம்பனிக்கும் அது சரி. மனிதனுக்கு அது பொருந்தாது. அப்பப்பாவின் பேரேட்டை மூடி, அதன் மீதியைப் பேரனின் முதற் பக்கத்தில் எழுதுவதற்குப் பெயர்தான் சாதி. அவர் வாங்காத கடனுக்கு அவரைப் பொறுப்பாக்குவதும், நாம் உழைக்காத செல்வத்துக்கு நாம் பெருமைப்படுவதும் ஒரே பொய்க்கணக்கின் இரு பக்கங்கள்.

இரண்டாவது, வழமையை விடலாமா? எங்கள் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று எல்லாம் அதில் ஒழுங்காக உண்டு. அந்தத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனால் எங்கள் பண்பாடு அழிந்துவிட்டது என்று இன்று எவரும் அழுவதில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடும்படி மக்கள் போராட வேண்டியிருந்தது. அன்று கதவை அடைத்தவர்களும் வழமையைக் காப்பதாகத்தான் நம்பினார்கள். அந்தக் கதவு திறந்தது. கலியாண வீட்டுக் கதவுதான் இன்னும் ஒருக்களித்தபடி இருக்கிறது.

சமயம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் அறுபத்துமூவர் வரிசையைப் பார்க்கட்டும். வேடர் கண்ணப்பர், பரதவர் அதிபத்தர், குயவர் திருநீலகண்டர், புலையர் குலத்து நந்தனார் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நாமும் ஒரே கற்பூரத்தால் தொழுகிறோம். ஆதிசைவ மரபில் பிறந்த சுந்தரர் பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்தபோது குலத்தை இறைவன் கேட்கவில்லை என்பதைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணமே சொல்கிறது.

மூன்றாவது எதிர்வாதமே உண்மையானது: சனம் என்ன சொல்லும்? நாளைக்குச் சொந்தக்காரர் பந்திக்கு வராவிட்டால் பிள்ளையல்லவா வருந்தும்? இதற்குப் பதிலை நான் சிசிலியிலேயே கண்டேன். பலேர்மோவுக்கு அண்மையில் உள்ள அல்காமோவில் 1965 டிசம்பரில் பிராங்கா வியோலா என்னும் பதினேழு வயதுப் பெண்ணை ஒருவன் ஆள்சேர்த்துக் கடத்திக் கெடுத்தான். கெடுத்தவனே மணந்தால் குற்றம் நீங்கும் என்பது அக்காலச் சட்டம். மானம் காக்க அப்படியே செய் என்பது ஊரின் வாய். அப்பெண் மறுத்தார். விவசாயியான தகப்பன், மிரட்டல்களுக்கும் அஞ்சாமல், ஊரை விட்டு மகளின் பக்கம் நின்றார். வழக்கு நடந்து அவன் சிறை சென்றான். 1968இல் அப்பெண் தான் விரும்பியவரை மணந்தார். அந்தச் சட்டமும் 1981இல் நீக்கப்பட்டது. எங்கள் நிலைமை அவ்வளவு கொடியதல்ல. ஆயினும் சனத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் பெரியவர் எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்வி ஒன்றுதான். சனம் பந்திக்கு வராவிட்டால் ஒரு நாள் சோறு மிஞ்சும். பிள்ளை எங்களிடம் வராமல் விட்டால் என்ன மிஞ்சும்?

அதை மருமகளே எனக்குச் சொன்னாள். பாதையில் பின்னால் வந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். குகைக்குள், மேலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நீங்கள் கடனைக் கேட்டது எனக்குச் சந்தோசம். அப்பா இருந்தா அவரும் கேட்டிருப்பார். ஆனா அதைக் கேட்டு முடிச்சிருந்தா, இனி நான் ஒண்டுக்கும் உங்களட்ட வந்திருக்க மாட்டன்."

ஆகவே பெரியவர்கள் விசாரிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடனை, குடியை, கோபத்தை, தாய் தகப்பனை நடத்தும் விதத்தைக் கட்டாயம் கேளுங்கள். அவர் தாமே பொறுப்புச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். கேட்காமல் விடுவதும் கடமை தவறுவதே.

நான் முழுதாகத் திருந்திவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அன்றிரவு படுத்தபோது, அவர் சொல்லாத விடையைப் பேச்சிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் ஊகிக்க என் மனம் முயன்றது. வெட்கப்பட்டேன். இந்த அழுக்கு ஒரே நாளில் போகாது. ஆனால் அடுத்த தலைமுறையின் ஏட்டில் எழுதாமல் விடுவது என் கையில் இருக்கிறது.

திங்கட்கிழமை ரொறன்ரோ அண்ணர் எடுத்தார்.

"எவடமாம்?"

"தெரியாது அண்ணை. நான் கேட்டு முடிக்கேல்லை."

சிறிது நேரம் பேச்சில்லை. "அப்ப இரண்டு நாளா என்னத்தை விசாரிச்சனி?"

"கடன் இருக்கு, மறைக்கேல்லை. கோபம் இருக்கு, மன்னிப்புக் கேக்கத் தெரியும். பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு."

அண்ணர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். ஆவணியில் எழுத்து, கலியாணத்துக்கு அவருக்கும் அழைப்பு அனுப்புவோம். வருவார் என்றே நம்புகிறேன்.