கரை ஒதுங்கிய பொருள்களும் காத்து நடக்கும் அறமும்



மிதந்து வரும் பொருளைக் கடல் என்றும் தன்னிடத்தே வைத்துக்கொள்வதில்லை. நீரோட்டத்தின் வழியே நெடுந்தொலைவு கொண்டு சென்று, ஏதேனும் ஒரு தீவின் மணலில் ஒதுக்கிவிடுகின்றது. எறிந்தவன் மறந்துவிடுகின்றான், எறிந்த பொருளோ தனக்குரிய கரையைச் சென்றடைகின்றது. வினையின் இயல்பும் இதுவேயன்றோ? ஆதலால், தீவுக் கரைகளில் இன்று கண்டெடுக்கப்படுவன யாவை என்பதை ஜினதர்மத்தின் ஒளியில் சிந்திப்பது சிராவக, சிராவகியராகிய நமக்குப் பயன் தரும்.

இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஆஸ்திரேலிய நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கொகோஸ் கீலிங் என்னும் பவழத் தீவுக் கூட்டம் உள்ளது. 27 சிறு தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்வன இரண்டே. மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 600. 1836ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சார்லஸ் டார்வின் என்னும் இயற்கை ஆய்வாளர் இங்கு வந்தார். சுமத்ரா, ஜாவா முதலிய தொலைநிலங்களிலிருந்து அலைகள் கொண்டுவந்த விதைகள் இக்கரையில் ஒதுங்கிக் கிடந்ததையும், எங்கு நோக்கினும் சங்குக் கூடுகளை முதுகிற் சுமந்து திரியும் நண்டுகளையும் அவர் குறித்து வைத்தார். அன்று கடல் அத்தீவுக்கு அளித்தது விதை; மரமாகி நிழலும் உணவும் தர வல்ல உயிர்ப்பொருள்.

181 ஆண்டுகள் கழிந்து, 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அதே தீவுகளின் கரைகளை அளந்து ஆராய்ந்தனர். 2019இல் வெளியான அவர்தம் மதிப்பீட்டின்படி, அங்குக் கிடந்த கழிவுப் பொருள்கள் 41 கோடியே 40 லட்சம். எடை 238 டன். அவற்றுள் காலணிகள் 9 லட்சத்து 77 ஆயிரம்; பல் துலக்கும் பிரஷ்கள் 3 லட்சத்து 73 ஆயிரம். அறுநூறு பேர் வாழும் இடத்தில் இத்தனை காலணிகளை அணிந்தவர் யார்? அவர்கள் அங்கு இல்லை. கண்காணா நாடுகளில் தத்தம் இல்லங்களில் இருக்கின்றார்கள்.

இனி, அக்கரையில் வாழும் உயிர்களைப் பார்ப்போம். துறவி நண்டு என்று ஒரு நண்டினம் உண்டு. அதன் பின்னுடல் மென்மையானது. காக்கும் ஓடு அதற்கு இயல்பாக அமையவில்லை. இறந்த சங்கின் அல்லது நத்தையின் வெற்றுக் கூட்டினுள் புகுந்து, அதனையே வீடாகச் சுமந்து வாழ்கின்றது. உடல் வளர வளர, பெரிய கூடு தேடிப் புகுகின்றது. விட்ட கூட்டினுள் அதனிற் சிறிய நண்டு குடியேறுகின்றது. கூட்டிற்காக அவை தம்முள் பொருவதும் உண்டு. ஆயினும், ஓர் உடலுக்கு ஒரு வீட்டிற்கு மேல் அது சுமப்பதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஏற்றும், இருக்கும் வீட்டிற்கு மேல் வீடும், அணியும் ஆடைக்கு மேல் ஆடையும் சேர்த்துக்கொண்டே போகும் மனிதர், இந்த நண்டின் முன் நாணுவதற்கு இடமுண்டு.

இந்நண்டுகள் மணலிற் கிடக்கும் பிளாஸ்டிக் புட்டிகளுள் புகுகின்றன. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் புட்டியின் வழவழப்பான சுவரில் ஏறி வெளிவர அவற்றால் இயல்வதில்லை; உள்ளேயே மடிகின்றன. துயரம் அத்துடன் முடிவதில்லை. ஒரு துறவி நண்டு இறந்தால் அதன் நாற்றம் மற்ற நண்டுகளுக்கு, “இங்கு ஒரு கூடு காலியாகியுள்ளது” என்னும் செய்தியாகின்றது. கூடு வேண்டி அடுத்த நண்டு வருகின்றது, அதுவும் மடிகின்றது. அதன் நாற்றம் மற்றொன்றை அழைக்கின்றது. ஒரே ஒரு கொள்கலத்தினுள் 526 நண்டுகள் இறந்து கிடக்கக் கண்டனர். கொகோஸ் தீவுகளில் 5 லட்சத்து 8 ஆயிரமும், பசிபிக் பெருங்கடலில் மனிதரே வாழாத ஹெண்டர்சன் தீவில் 61 ஆயிரமும் இவ்வாறு மடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

மீன் சுவையாலும், வண்டு மணத்தாலும், விட்டில் ஒளியாலும், மான் இசையாலும், யானை ஊற்றுணர்வாலும் கெடுவதை நம் ஆசாரியர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவர். நாற்றத்தால் கெடும் உயிர்களின் வரிசையில், நாம் எறிந்த புட்டி இந்த நண்டையும் சேர்த்துவிட்டது. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிராகவும், நண்டினை நான்கறிவுயிராகவும் வகுத்துரைக்கின்றது. அறிவு எத்தனையாயினும் உயிர் உயிரே, துன்பம் துன்பமே.

ஈண்டு ஒரு வினா எழும். “புட்டியை எறிந்தவன் நண்டைக் கொல்ல எண்ணவில்லையே, அவனுக்கு எவ்வாறு வினை பந்திக்கும்?” கவனமின்மையாகிய பிரமாதத்தின் வழியே உயிர்க்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. விழிப்புடன் அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக வந்து மடியினும் அவரைப் பாவம் பற்றாது. விழிப்பின்றி நடப்பவனின் காலடியில் ஓர் உயிரும் மடியாவிடினும் அவனைப் பாவம் பற்றும். ஆகவே, நம் புட்டி எந்தத் தீவை அடைந்தது, எத்தனை நண்டுகளைக் கொன்றது என்று கணக்கிடுவது வேண்டாத வேலை. எறிந்த அந்த நொடியில் நம் உள்ளம் விழித்திருந்ததா என்பதே வினா.

அந்நூலே மேலும் நுட்பமாகக் கூறுகின்றது: வினை வந்து சேர்வதற்கு ஜீவன் மட்டுமன்றி, உயிரற்ற அஜீவப் பொருளும் ஆதாரமாகும். அவ்வகையுள் ஒன்று நிக்ஷேபம், அதாவது பொருளை வைத்தல். பாராமல் வைத்தல், செவ்வனே துடைக்காத இடத்தில் வைத்தல், அவசரத்தில் வைத்தல், நினைவின்றி வைத்தல் என அது நால்வகைப்படும். பிளாஸ்டிக் என்பதே அறியப்படாத காலத்தில் வகுக்கப்பட்ட இந்நான்கில், இன்று நம் கையிலிருந்து குப்பை நழுவும் வகை எதுவும் விடுபட்டதா என்று எண்ணிப் பாருங்கள். அறிந்து செய்வதற்கும் அறியாது செய்வதற்கும் வினையில் வேறுபாடு உண்டு என்பதும் அங்கே உரைக்கப்பட்டது. நேற்று வரை அறியாதிருந்தோம். இதனைப் படித்த பின் அறியாமை நமக்குப் புகலிடமாகாது.

முனிவர்க்குரிய சமிதிகள் ஐந்து. அவற்றுள் மூன்று கடற்கரையில் நடப்பார்க்கும் வழிகாட்டுவன. ஈரியா சமிதி, உயிர்களை நோக்கி நடத்தல். ஆதான நிக்ஷேபண சமிதி, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கி, உயிர் உளதா என ஆராய்தல். உத்சர்க்க சமிதி, கழிவுகளை உயிரில்லாத இடம் தேர்ந்து விடுதல். இல்லறத்தார் இவற்றை முழுமையாகக் காத்தல் அரிது. ஆயினும் இயன்ற அளவு பின்பற்றுதல் கடன். கழிவை விடும் ஒழுக்கத்தையும் முனிவரின் சமிதிகளுள் ஒன்றாக வைத்த சமயம் நம்முடையது என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும்.

இராமேசுவரம், கன்னியாகுமரி சென்று வரும் நம் குடும்பத்தார் சங்கும் சோழியும் வாங்கி வருவதுண்டு. வெயிலிலும் உப்பு நீரிலும் நெடுநாள் கிடந்த கூடு பெரும்பாலும் வெளுத்து மங்கிவிடும். கடையில் பளபளவென்று மின்னும் சோழி, உள்ளே உயிர் இருக்கும்போதே எடுக்கப்பட்டதாக இருத்தல் கூடும். கரையிற் கிடக்கும் வெற்றுக் கூடும் நாளை ஒரு துறவி நண்டின் வீடு. கண்டு மகிழுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பின் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அழகுப் பொருளாக அலமாரியில் வைப்பதற்காக ஓர் உயிரின் இல்லத்தைக் கவர்தல், பயனின்றித் தீங்கு செய்யும் அனர்த்த தண்டமேயாகும்.

கொகோஸ் ஆய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. மணலின் மேல் காணப்பட்டதைப் போல 26 மடங்கு கழிவு, 10 சென்டிமீட்டர் ஆழத்திற்குள் புதைந்து கிடந்தது. உதயத்திற்கு வந்த வினை சிறிது. உள்ளே தங்கியிருக்கும் வினை பெரிது என்பதற்கு இதனினும் தெளிவான உவமை வேண்டுமோ? புதைந்ததைத் தோண்டினால் மணலில் வாழும் சிற்றுயிர்கள் மடியக்கூடும். ஆகவே முதற்கண் செய்யத்தக்கது புதிதாக வருவதைத் தடுத்தல். ஓட்டைப் படகில் முதலில் துளையை அடைப்பர். பின்னரே நீரை இறைப்பர். முன்னது ஸம்வரம், பின்னது நிர்ஜரை. கரையைத் தூய்மை செய்தல் நற்செயல்தான். எறிவதை நிறுத்தாமல் பெருக்கிக்கொண்டே இருப்பதோ துளையுள்ள படகில் நீர் இறைப்பதாகும்.

ஆதலின் அன்பர்களே, பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் யாத்திரை செல்லும்போது நீரை வடிகட்டிச் செம்புப் பாத்திரத்தில் கொண்டு செல்லுங்கள். புட்டி வாங்க நேர்ந்தால் மூடியை இறுக மூடி இல்லத்திற்கே திரும்பக் கொணருங்கள். திறந்த புட்டி மணலில் ஒரு படுகுழி. ஆலய விழாக்களில் உணவு பரிமாற இலையும் பாத்திரமும் இருக்க, எறியும் குவளைகள் எதற்கு? தசலக்ஷண பர்வத்தின் பத்து நாள்களிலேனும், எந்தப் பொருளை விடும்போதும் ஒரு கணம் நின்று, “இதனால் எவ்வுயிர்க்கேனும் துன்பம் நேருமோ?” என்று நோக்கும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் வழி உண்டு. நாம் ஒருநாளும் காணப்போகாத தீவில், நம்மை ஒருநாளும் அறியாத ஒரு சிற்றுயிர், நம் விழிப்பினால் இன்னும் ஒரு நாள் வாழட்டும்.

எவ்வுயிரும் இன்புறுக! ஜினதர்மம் ஓங்குக!