தேய்ந்த காசும் தேயாத அறமும்

சோழர் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்டசோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்திலோ, அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலோ ஓர் உழவர் தம் நிலத்தை உழுகையில் கிடைத்த செப்புக்காசை, மதிப்பறிந்த வணிகரிடம் கொணர்ந்து, “ஐயா, இது என்ன விலை பெறும்?” என்று வினவுவதாகக் கொள்வோம். அவ்வணிகர் நம் சிராவகருள் ஒருவராயின் என்ன விடை கூறவேண்டும்?

முதலில் காசை அறிவோம். முதலாம் இராஜராஜன் (கி.பி. 985–1014) பெயர் பொறித்த செப்புக்காசு எளிதில் கிடைக்கும் வகை. ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் பெயரும். இலங்கை மன்னர்களும் பிற்காலத்தில் இதே அமைப்பில் தத்தம் பெயரால் காசு வெளியிட்டனர். ஆகவே உருவத்தை மட்டும் கண்டு துணிதல் கூடாது. எழுத்தைப் படித்தல் வேண்டும். எழுத்து தேய்ந்திருப்பின், “இன்ன மன்னனுடையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது” என்பதே உண்மையான விடை.

ஆயிரம் ஆண்டுப் பழமையால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. அத்தகைய காசு எத்துணை எஞ்சியுள்ளது, எழுத்தும் உருவும் எவ்வளவு தெளிவு என்பனவே விலையை அறுதியிடும். புளியிட்டுத் துலக்கினாலோ உள்ள மதிப்பும் குறையும்.

இங்கே வணிகருக்கு இரு சோதனைகள். காசு அரியதாயின் அதனைப் பொதுவானதென்று கூறிக் குறைந்த விலைக்குக் கொள்ளலாம். பொதுவானதாயின், அரியதென்று கூறிப் பிறருக்கு விற்கலாம். “அவர் கேட்ட விலையைத்தானே கொடுத்தேன்” என்பார் உளர். உழவர் கேட்டது விலையை மட்டுமன்று, அறிவையும் அன்றோ? நம்பி வினவியவரிடம் அறிந்ததை மறைத்துப் பெற்ற பொருள், அவர் மனமறிந்து கொடுத்த பொருள் ஆகாது. கொடாததைக் கொள்வதே களவு.

தத்வார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: களவுக்குத் தூண்டல், களவுப்பொருள் கொள்ளல், அரசு நெறி மீறல், அளவையில் வஞ்சித்தல், போலியைக் கலந்து விற்றல். பழங்காசு வாணிபத்தில் இவ்வைந்தும் நேரக்கூடும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். இதனைச் சொல்லாமல் வாங்கிக்கொள்பவர் உழவரையும் குற்றத்திற்கு உள்ளாக்குகிறார்.

“விலை அற்பம் என்றால் அவ்வேழையின் மனம் நோகுமே, அது ஹிம்சை ஆகாதோ?” எனலாம். பொய்யான நம்பிக்கையில் அவர் கடன்பட்டு நிற்கும் நாளில் உண்டாகும் துன்பம் இதனினும் பெரிது. இனிய சொல்லால் உண்மையை உரைப்பதே கருணை.

மேலும், அநேகாந்த நோக்கில் விலை ஒரு நயமே. சந்தையில் அற்பமான அக்காசு, எந்த வயலில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறிக்கப்பட்டால் அவ்வூரின் வரலாற்றுக்குச் சான்றாகும். இடம் மறந்த காசு வெறும் செம்பே.

காசின் எழுத்து பல கை பட்டுத் தேய்ந்தது. அதனை மதிப்பிடுவோர் சொல்லும் அவ்வாறு தேயாதிருக்கட்டும்.