விலைபோன வாக்கு யாருடையது?

1993 ஜூலை 28 அன்று நரசிம்மராவ் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவையில் 14 வாக்குகளில் தோற்றது. உறுப்பினர் சிலர் அதற்காகக் கையூட்டுப் பெற்றனர் என்ற வழக்கில், 1998-இல் உச்சநீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அளித்த தீர்ப்பு விந்தையானது. பணம் பெற்று அதற்கேற்ப வாக்களித்தவருக்கு அரசியல் சட்டத்தின் 105-ஆம் பிரிவு அரணாகும். பெற்றும் வாக்களியாது ஒதுங்கியவருக்கோ அவ்வரண் இல்லை! கொடுத்தவரிடம் நாணயம் காத்தவரே தப்பினார் என்றல்லவா பாமரர் இதைப் புரிந்துகொள்வர்?

அவ்வரண் எழுப்பப்பட்டது எதற்காக? ஆள்வோர்க்கு அஞ்சாது உறுப்பினர் தம் மனச்சான்றின்படி பேசவும் வாக்களிக்கவுமே. அவையில் ஒலிப்பது அவருடைய குரலாக இருக்கும்வரைதான் அதைக் காப்பதில் பொருளுண்டு. விற்றபின் அது வாங்கியவரின் குரல். அதற்கு எதற்குச் சுதந்திரம்?

2024 மார்ச் 4 அன்று எழுவர் அமர்வு அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. கையூட்டை ஏற்ற கணத்திலேயே குற்றம் நிறைவுறுகிறது. பின்னர் வாக்கு எப்படி விழுந்தது என்பது பொருட்டன்று என்றது.

"பணத்தை வாங்கினேன், வாக்கை விரும்பியவருக்கே அளித்தேன்" என்று தேர்தலுக்குப்பின் நம் ஊர்த் திண்ணைகளிலும் பெருமையாகப் பேசக் கேட்கிறோம். வாக்காளரைப் பற்றிய சட்டமும் கைநீட்டியதையே குற்றமென்கிறது.