சூதும் நட்பும்

சூதாட்டத்தைக் கண்டிப்பதற்கு எமது சமுதாயத்தில் வழங்கிவரும் காரணங்கள் இரண்டு. சூது பொருளை அழிக்கும் என்பது ஒன்று. ஆடுபவனின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இவை சூதாடுபவனை மாத்திரம் நோக்கிக் கூறப்படுபவை. அவனிடமிருந்து சென்ற பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மனிதர் ஒருவருக்கொருவர் என்ன முறையினராயினர் என்னும் வினாக்களை இவை எழுப்புவதில்லை. கண்டனம் தனிமனிதனின் பலவீனத்தோடு நின்றுவிடுகின்றது. அதனாலேயே, "எனது பணம், எனது விருப்பம். நேர்மையாகவே ஆடுகிறேன். இதிலே யாருக்கு என்ன கேடு?" என்று படித்த இளைஞனொருவன் கேட்கும்போது, பழைய கண்டனங்களை மட்டும் கைவசம் வைத்திருப்போர் விடை கூற இயலாது நிற்க நேரிடுகின்றது.

இவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுவதற்குத் திருக்குறளின் அமைப்பே துணைசெய்கின்றது. பரிமேலழகர் உரைவழி வரும் வரிசையில் நட்பு 79ஆம் அதிகாரமாகும். அதனைத் தொடர்ந்து தீ நட்பு, கூடா நட்பு, இகல், உட்பகை முதலியன பேசப்படுகின்றன. இத்தொடரின் இறுதியை அண்டி, கள்ளுண்ணாமையை அடுத்து, 94ஆம் அதிகாரமாகச் சூது வருகின்றது. இன்றைய பதிப்புகள் பல இப்பகுதி முழுவதையும் 'நட்பியல்' என்றே பெயரிட்டுத் தருகின்றன. பொருளை ஈட்டுவது பற்றிய அதிகாரத்தை அடுத்தோ, செல்வத்தை வீணாக்குவது பற்றிய அதிகாரத்தை அடுத்தோ சூதை வைத்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். ஆயின் அது நட்பும் பகையும் பேசப்படும் இடத்திலே நிற்கின்றது. சூதின் கேட்டைப் பணப்பையில் மாத்திரமன்றி மனித உறவிலும் தேடவேண்டும் என்னும் குறிப்பை நாம் இதிலே காணலாம்.

சூதாட்டக்கூடங்களில் ஆடப்படுபவை யாவும் ஒரே தன்மையினவல்ல. ஐரோப்பிய றூலெற் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின்மீது பணம் வைத்து வென்றவனுக்கு, அவன் வைத்த பணத்துடன் அதன் 35 மடங்கு கொடுக்கப்படுகின்றது. முப்பத்தேழு குழிகளுக்கு முப்பத்தாறு பங்கு திரும்புகின்றது. எஞ்சிய ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 2.70, கூடத்தின் ஆதாயம். எவ்வளவு கெட்டிக்காரனாயினும் சக்கரத்தை வெல்லும் வழி அவனுக்கு இல்லை.

போக்கர் என்னும் சீட்டாட்டம் இதனின்று வேறுபட்டது. இன்று உலகெங்கும் பெருவழக்கிலுள்ள ரெக்சாஸ் முறையில், ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் கொடுக்கப்படுகின்றன; அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசைமீது திறக்கப்படுகின்றன. 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்கும் வகைகள் 1,326. அவற்றுள் இரண்டு ஆஸ்கள் சேர்ந்து வருவது 221 தடவைக்கு ஒருமுறையே. இக்கணக்கை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தில் தெரியாவிடினும், ஓராண்டில் தெரியும். இங்கே கூடம் ஆட்டக்காரனுக்கு எதிராளி அன்று. மேசையையும் சீட்டையும் அவற்றைப் பங்கிடும் ஊழியரையும் அளித்துவிட்டு, குவிகின்ற பந்தயத் தொகையிலிருந்து ஒரு பங்கையோ, மணிக்கணக்கிலே ஒரு கட்டணத்தையோ அது எடுத்துக்கொள்கின்றது. வெல்பவன் வெல்வது, தன் அருகில் அமர்ந்திருக்கும் மனிதனின் பணத்தையே. ஆகவே, உறவு பற்றிய எமது வினாவுக்குப் போக்கரே தகுந்த உதாரணமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பாடசாலை விடுமுறையொன்றில் இலண்டன் சென்றிருந்த நாம், பேராதனையில் எம்முடன் படித்த நண்பரொருவரோடு ஒரு சனிக்கிழமை இரவைச் சூதாட்டக்கூடங்கள் இரண்டிலே கழித்தோம். நண்பர் பகலில் ஒரு களஞ்சியசாலையிலே கணக்குப் பார்ப்பவர். மாதத்தில் ஓரிரவு மட்டும், அளந்த தொகையோடு ஆடுபவர். முதற்கூடத்தில் ஓர் இருக்கையே கிடைத்தமையால் நாம் அவர் பின்னால் நின்று பார்த்தோம். வாடகைக் கார் சாரதியொருவர், உணவகச் சமையற்காரரொருவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியரொருவர், மாணவர் இருவர் அம்மேசையிலே இருந்தனர். செல்வந்தர் என்று சொல்லத்தக்கவர் எவருமிலர். பேச்சு மரியாதையாகவும் நகைச்சுவையோடும் நடந்தது. தபால் ஊழியர் தம்மிடமிருந்ததை இழந்து எழுந்தார். அவரது நாற்காலி ஐந்து நிமிடமும் வெறுமையாக இருக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பெயர் அழைக்கப்பட்டது. எழுந்து போனவரைப் பற்றி எவரும் எதுவும் கூறவில்லை.

நள்ளிரவின் பின் சென்ற இரண்டாவது கூடத்தில் எம் இருவருக்கும் ஒரே மேசையில் இடம் கிடைத்தது. ஓர் ஆட்டத்திலே ஏனையோர் விலகிக்கொள்ள, நண்பரும் நாமுமே எஞ்சினோம். நண்பர் பந்தயத்தை உயர்த்தவில்லை. தமது முறை வரும்போதெல்லாம் மேசையை விரலாலே தட்டிவிட்டுப் பேசாதிருந்தார். சீட்டுகளைத் திறந்தபோது அவரிடம் ஒரே எண்ணுடைய மூன்று சீட்டுகள் இருந்தன. எம்முன் இருந்த வில்லைகளிற் பெரும்பகுதியை அவர் எடுத்திருக்கலாம். "மச்சான், உன்ர காசை நான் எப்பிடி எடுக்கிறது?" என்று மெல்லச் சொன்னார். எதிரே இருந்த முதியவரொருவர் உடனே ஆட்சேபித்தார். மேற்பார்வையாளர் வந்தார், மிகுந்த பணிவோடு விளக்கினார். நண்பர்கள் ஒரே மேசையில் அமரலாம்; ஆயின் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுவது மோசடியின்பாற்படும். ஆட்டத்தின்போது ஆங்கிலம் தவிர்ந்த பிற மொழியிற் பேசுவதும் கூடாது.

அந்த முதியவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். இருவர் தமக்குள் இரக்கம் காட்டி, ஏனையோரிடம் மாத்திரம் முழு வன்மையையும் காட்டுவார்களாயின், தனித்தனியே வந்து அமர்ந்த எழுவரும் ஒரு கூட்டணிக்கு எதிராக ஆடுபவராகின்றனர். அவர்கள் அதற்குச் சம்மதித்து அமரவில்லை. ஆகவே விதி அநீதியானதன்று; அம்மேசையிலே நீதி வேறெவ்வாறும் அமைய முடியாது. பிரச்சினையின் சிக்கலும் இங்கேதான் இருக்கின்றது. அந்நியனுக்கு நேர்மையாக இருப்பதற்கு நண்பனிடம் இரக்கமின்றி இருக்கவேண்டும். நண்பனிடம் இரக்கம் காட்டினால் அந்நியனை ஏமாற்றியதாகும். மனிதனின் இரண்டு நற்பண்புகளுள் ஒன்றைக் குற்றமாக்காமல் மற்றதைப் பேணமுடியாத ஓர் ஏற்பாடு அது.

"எல்லா விளையாட்டும் அப்படித்தானே? சதுரங்கத்தில் நண்பனை வெல்வது தவறா?" எனச் சிலர் வினவலாம். இல்லை. சதுரங்கத்தில் தோற்றவன் எதையும் இழப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் அதே காய்களை மீண்டும் அடுக்கி, எந்த நகர்வு பிழைத்தது என்று சேர்ந்து ஆராய்கின்றனர். தோற்றவனும் முன்னையிலும் அறிவுடையவனாக எழுகின்றான். சீட்டிலும் குற்றமில்லை. எமது ஊர்த் திண்ணைகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஆடப்படும் முந்நூற்றுநான்கை எடுத்துக்கொள்வோம். ஓர் இனத்துக்கு 76 புள்ளிகளாக நான்கு இனங்களுக்கும் 304 புள்ளிகள். கணக்கும் நினைவாற்றலும் அதற்கும் வேண்டும். ஆயின் அங்கே ஆடுபவர் இரு கட்சியினர். எதிரே இருப்பவன் கூட்டாளி. அவனது கையிலிருப்பதை ஊகித்து அவனுக்குத் துணைபோவதே திறமை. தோற்றவர்க்குக் கிடைப்பது ஊராரின் கேலி. அதுவும் மறுநாள் மாறிவிடும். இரண்டுக்கும் சீட்டுக்கட்டு ஒன்றே. அதனை வேறொன்றாக்கியவை, உழைத்த பணம் மேசைக்கு வந்ததும், மேசைக்கு வாடகை விதிக்கப்பட்டதுமேயாகும்.

அடுத்த வாதம் சற்று வலிமையானது. போக்கரிலே வெல்பவன் தன் திறமையால் வெல்கின்றான். பயின்ற திறமைக்குக் கிடைக்கும் ஊதியம் எவ்வாறு இழிவாகும் என்பது அது. அமெரிக்காவில் இவ்விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. போக்கரில் அதிர்ஷ்டத்தினும் திறமையே மேலோங்கியது என்று நியூ யோர்க்கின் கூட்டாட்சி நீதிபதி ஜாக் வைன்ஸ்ரைன் 2012இல் தீர்ப்பளித்தார். 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. சட்டம் எவ்வாறு கூறினும், திறமை இருக்கின்றது என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. வினவவேண்டியது, அத்திறமை எதனைச் செய்கின்றது என்பதே. நெசவாளியின் திறமை துணியாகின்றது. வைத்தியரின் திறமை நோயைத் தணிக்கின்றது. அத்திறமை இல்லாதவனுக்கே அது பயன்படுகின்றது. போக்கர் ஆட்டக்காரனின் திறமையோ திறமையில்லாதவனுக்கு எதிராக மட்டுமே பயன்படுகின்றது. எல்லோரும் சம அறிவினராகிவிட்டால் அவனுக்கு வருமானமில்லை. ஆகவே அவன் அறியாதவனைத் தேடி அமரவேண்டும். அவ்வாறு அகப்படுபவனை ஆட்டக்காரர் தம் வழக்கில் 'மீன்' என்று அழைப்பதிலே வியப்பில்லை. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இந்த வேறுபாடு விளங்காதிருக்க முடியாது. மாணவனின் அறியாமை நீங்குவதே ஆசிரியனின் வெற்றி. அறியாமை நீங்காதிருப்பதே அங்கே வெற்றியின் மூலதனம்.

இனி, இவ்வேற்பாட்டால் உறுதியாகப் பயன்பெறுபவர் யார் என்பதை நோக்குவோம். பத்துப்பேர் தலைக்கு 200 பவுணாக 2,000 பவுணோடு அமர்ந்தால், விடியும்போது அப்பதின்மரிடமும் இருப்பது 2,000 அன்று. அதனிற் குறைந்த தொகையே. இடையில் எப்பொருளும் உற்பத்தியாகவில்லை. யார் வென்றாலும் யார் தோற்றாலும் கூடத்துக்குரிய பங்கு பிசகுவதில்லை. நேர்மையைக் காக்கும் விதிகள் இந்த வருமானத்தையும் காக்கின்றன. ஏமாற்று நடக்கும் மேசைக்கு எவரும் வரமாட்டார் அல்லவா?

இங்கிலாந்தின் சட்ட வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதனவாக்கிற்று. சூதிலே வென்றவன் தன் பணத்தைக் கோரி நீதிமன்றத்தை நாட முடியாது. அரசு அக்கடனுக்குக் கைகொடுக்க மறுத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலையை மாற்றியது. 2007 செப்ரெம்பர் முதல் சூதுக்கடனும் ஏனைய கடன்களைப் போல அறவிடத்தக்கதாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் வெட்கத்தோடு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒன்று சாதாரண வியாபாரமாகிவிட்டது.

2012இல் புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரரான பில் ஐவி, இலண்டன் குறொக்போட்ஸ் கழகத்தில் ஒரு துணையாளருடன் சென்று, போக்கரல்லாத வேறொரு சீட்டாட்டத்தில் ஏறத்தாழ 77 இலட்சம் பவுண் வென்றார். சீட்டின் பின்புறச் சித்திர ஓரத்திலிருந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு, மதிப்புள்ள சீட்டுகளை வேறு திசையிலே திருப்பிவைக்கும்படி ஊழியரைக் கேட்டுக்கொண்டதே அவர்கள் கையாண்ட உபாயம். கழகம் பணம் கொடுக்க மறுத்தது. தாம் செய்தது மோசடியன்று என அவர் உண்மையாகவே நம்பியபோதிலும் அது மோசடியே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்காக வாதாடுவது எமது நோக்கமன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிகழ்தகவுக் கணக்கு தன் பக்கம் சாய்ந்திருக்குமாறு ஆட்டத்தை அமைத்து, பல்லாயிரவரின் இழப்பைத் திரட்டுவது வியாபாரம். இருவர் சேர்ந்து அக்கணக்கைத் தம் பக்கம் சாய்த்துக்கொள்வது மோசடி.

'சேர்ந்து' என்னும் சொல்லிலேதான் எமது வினா முடிவுக்கு வருகின்றது. ஆட்டக்காரர் சேரலாகாது என்னும் விதியைக் கேட்கும்போது, இதே இங்கிலாந்தில் 1799இலும் 1800இலும் இயற்றப்பட்ட கூட்டுச் சேர்தல் தடைச் சட்டங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. கூலியை உயர்த்துவதற்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதை அவை குற்றமாக்கின. 1824இலேயே அவை நீக்கப்பட்டன. ஆயின் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறாகும். தொழிற்சாலையிலே இருவர் சேர்ந்தால் மூன்றாமவனும் பயன்பெறுகின்றான். ஏனெனில் அங்கே உழைப்பு ஒன்றைப் படைக்கின்றது, படைத்ததைப் பங்கிடுவதே போராட்டமாகின்றது. சூதுமேசையிலோ படைக்கப்படுவது எதுவுமில்லை. ஒருவன் பெறுவது இன்னொருவன் இழந்ததாகவே இருக்கவேண்டும். ஆதலால் இருவரின் தோழமை மூன்றாமவனிடம் செய்யும் திருட்டாக மாறிவிடுகின்றது. உற்பத்தியற்ற இடத்தில் ஒற்றுமையும் சதியாகின்றது என்பதே சூதின் ஆழ்ந்த தீமை எனக் கருதுகின்றோம். அம்மேசையிலே அனைவர்க்கும் நன்மை தரும் கூட்டுச்செயல் ஒன்றே உண்டு: அனைவரும் எழுந்து போதல்.

இது எமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோ வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவதற்கென இயற்றப்பட்டது. கொழும்பிலே கசினோக்கள் இயங்குகின்றன. அந்நியச் செலாவணி, உல்லாசப் பயணிகள், வேலைவாய்ப்பு, வரி என்பன அவற்றுக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்கள். இவற்றை ஆராய்வோர் எவ்வளவு வருமானம் வரும் என்பதோடு நின்றுவிடலாகாது. யாருடைய கையிலிருந்து வரும், அது வரும்போது மனிதரிடையே எத்தகைய பழக்கம் வளரும் என்றும் கேட்கவேண்டும். பரீட்சைப் புள்ளியிலும் வேலைதேடும் வரிசையிலும் அருகிலுள்ளவனைப் போட்டியாளனாக மாத்திரம் காணுமாறு ஏற்கெனவே பழக்கப்பட்டுவரும் எமது மாணவர்க்கு, அப்பழக்கத்தையே விளையாட்டாகவும் இன்பமாகவும் காட்டும் இடம் கசினோ.

"நேர்மையாக ஆடினால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்கும் இளைஞனுக்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே. நேர்மையாக ஆடுவது இயலும், அதனை மறுக்கவில்லை. ஆயின் அவ்வாறு ஆடுவதற்கு நீ உன் நண்பனிடம் இரங்கலாகாது, அறியாதவனுக்கு அறிவிக்கலாகாது, தோற்று எழுபவனைத் திரும்பிப் பார்க்கலாகாது. ஒரு சமுதாய ஏற்பாடு நல்லதா தீயதா என்று அளப்பதற்கு, அதன் விதிகள் எல்லார்க்கும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் போதாது. அவ்விதிகளை முற்றாகக் கடைப்பிடிக்கும் ஒருவன் நல்ல தோழனாகவும் இருக்க முடியுமா என்றும் பார்த்தல் வேண்டும். முடியாது என்றால், திருத்தப்படவேண்டியது அம்மனிதன் அல்லன், அந்த ஏற்பாடே.