எவர் தோலுக்கு இந்த விஞ்ஞானம்?

விஞ்ஞானம் வெல்க என்கிறோம். மூடநம்பிக்கை மூட்டையைச் சுமந்து வளைந்த முதுகை நிமிர்த்தியது விஞ்ஞானமே என்று பெருமை பேசுகிறோம். பேசலாம், பொருத்தமே! ஆனால், தோழர்களே, விஞ்ஞானம் என்று பெயர் பொறித்த புட்டி ஒன்று கடைக்கு வந்தால், அந்தப் பெயருக்காகவே அதை வாங்கிவிடுவதுதான் பகுத்தறிவா? 'சாஸ்திரம் சொல்கிறது' என்று தலையாட்டிய தாத்தாவைக் கேலி செய்த நாம், 'சயின்ஸ் சொல்கிறது' என்று தலையாட்டினால், மாறியது சொல்தானே, தலை மாறவில்லையே!

இதை நினைக்கத் தூண்டுவது இன்று உலகை வலம்வரும் கொரியத் தோல்பூச்சு. தென் கொரியாவின் அழகுப்பொருள் ஏற்றுமதி 2024ஆம் ஆண்டில் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிற்று. நத்தையின் வழவழப்பிலிருந்து எடுத்த சாறு, வெயிலைத் தடுக்கும் களிம்பு, நியாசினமைடு கலந்த சீரம் ஆகியவை சென்னைப் பேரங்காடிகளில் மட்டுமல்ல, கைபேசி வழியே மரக்காணத்து உப்பளத் தெருக்களுக்கும் வந்துவிட்டன.

வெறும் ஏமாற்று என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஒதுக்குவது நேர்மையும் அன்று. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கொரிய அழகுப்பொருள் சட்டம், வெண்மையாக்கும், சுருக்கம் நீக்கும், வெயிலைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் பொருள்களைத் தனி வகையாகப் பிரித்தது. அப்படிச் சொல்பவர் அரசிடம் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் கேட்பது பகுத்தறிவின் முதற்பாடம். அந்த அளவில் கொரியாவைப் பாராட்டுவோம். ஆதாரம் கேளாத இடத்தில் என்ன நேரும் என்பதை, 2023இல் கேரளத்து மலப்புறம் மாவட்டம் காட்டிற்று. அங்கே, பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகளைப் பூசியவர்களின் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

ஆயினும், விடை மெய்யா என்று சோதித்தால் போதுமா? அந்த விடையைத் தேடவைத்த கேள்வியைச் சோதிக்க வேண்டாமா?

நியாசினமைடையே எடுத்துக்கொள்வோம். பி-3 என்னும் உயிர்ச்சத்தின் ஒரு வடிவம் அது. அதன் வரலாறு அழகுநிலையத்தில் தொடங்கவில்லை. ஏழையின் குடிசையில் தொடங்குகிறது. பெல்லக்ரா என்றொரு நோய். வெயில் படும் கையிலும் கழுத்திலும் தோல் கருகித் தடித்து உரியும், வயிறு கெடும், அறிவு கலங்கும், இறுதியில் உயிர் போகும். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தி ஆலைக் குடியிருப்புகளில், ஆயிரக்கணக்கானோர் அதற்கு இரையாயினர். தொற்றுக்கிருமியே காரணம் என்றனர் பலர். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்டுபர்கர், கிருமி அன்று, வறுமைச் சோறே காரணம் என்று மெய்ப்பித்தார். 1937இல் கான்ராட் எல்விஜெம், அந்நோயைத் தீர்க்கும் பொருள் நியாசின் என்று காட்டினார். நம் நாட்டிலும், சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து, ஐதராபாத்து ஆய்வுக்கூடத்தில் இதனை ஆராய்ந்தார். சோளத்தையே உண்டு வாழும் தக்காணத்து ஏழைகளுக்கு இந்நோய் ஏன் வருகிறது என்று கேட்டு, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் புரதக்கூறே காரணம் என்ற விளக்கத்தை 1960இல் முன்வைத்தார்.

அன்று கேட்ட கேள்வி: ஏழையின் தோல் ஏன் கருகி உரிகிறது? இன்று அதே பொருளை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி: கறுத்த தோலை வெளுக்கச் செய்வது எப்படி? இரண்டு கேள்விக்கும் விஞ்ஞானம் விடை தருகிறது. நிறமித் துகள்கள் ஓர் அணுவறையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை நியாசினமைடு ஓரளவு குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால், விஞ்ஞானம் விடை தருமேயன்றி, எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று கட்டளையிடாது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர் மனிதர். பல வேளைகளில் பணப்பை படைத்த மனிதர்.

வெளுக்கும் ஆசை கொரியா நமக்குக் கொடுத்த கொடையன்று. 1975இலேயே 'ஃபேர் அண்டு லவ்லி' நம் வீட்டுக் கண்ணாடியின்முன் அமர்ந்துவிட்டது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர் மாறிற்று, பெண் பார்க்க வந்தவர்களின் பார்வை மாறிற்றா? வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்று பொருள் வைத்த நாட்டில், நிறம் வெறும் நிறமாகவா இருந்தது? உயர்வு தாழ்வின் முத்திரையாகவன்றோ இருந்தது!

இங்கே விஞ்ஞானம் சொல்லும் வேறொரு செய்தியை எந்தப் புட்டியும் சொல்வதில்லை. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி உண்டாக்கும் அணுவறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. நிறமித் துகள்களின் அளவிலும் பரவலிலுமே வேறுபாடு. அந்த நிறமி, சூரியனின் புறஊதாக் கதிரைத் தான் தாங்கி, உள்ளே இருக்கும் மரபணுவைக் காக்கிறது. கறுப்பு கறையன்று, காவல்!

என் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்தச் சீரத்தின் படத்தைக் காட்டி, "இதைப் பூசினால் என் கறுப்பு போய்விடுமா?" என்று கேட்டாள். அவள் தாய் உப்பளத் தொழிலாளி. பாத்தியில் செறிந்து நிற்கும் உப்புநீரில் மணிக்கணக்கில் நிற்கும் கால்கள் அந்தத் தாயுடையவை. உப்பு, தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. வறண்ட தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மீண்டும் உப்புநீர். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்துக் கண்ணைத் தாக்கும் வெயில். வடகிழக்குப் பருவமழை வந்தாலோ வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மகளின் தோல் வெளுக்கச் சீரம் வருகிறது. தாயின் வெடித்த காலுக்கு வருவது என்ன?

அழகு பேணுவது குற்றமா என்று கேட்பர் சிலர். குற்றமன்று. முகம் கழுவிப் பொட்டிட்டு மலர்ச்சியுடன் நிற்கும் பெண்ணை ஏளனம் செய்வது பகுத்தறிவு ஆகாது. அது பழைய ஆணவத்தின் புதிய வேடம். விருப்பம் அவரவர் உரிமை என்பர் வேறு சிலர். உண்மையே. ஆனால், கறுத்தவள் என்று ஒதுக்கிவிட்டு, வெளுக்க விரும்புவது உன் உரிமை என்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சாளரம் வழியே ஏறிக் குதிக்க உனக்கு உரிமை உண்டு என்பது போலன்றோ!

கொரிய விஞ்ஞானத்தில் கொள்ளத்தக்கதைக் கொள்வோம். வெயிலைத் தடுப்பது, ஈரத்தைக் காப்பது, தோலின் மேலடுக்கை உறுதிப்படுத்துவது ஆகிய மூன்றும் உப்பளத் தொழிலாளிக்கே மிகத் தேவையானவை. நியாசினமைடுக்கும் மேலடுக்கை உறுதிப்படுத்தும் ஆற்றல் உண்டு. அறிவு கையில் இருக்கிறது. அது எவர் வாயிலில் நிற்கிறது என்பதே வழக்கு. காலுக்கு உப்புநீர் புகாத காலணி, கைக்கு உறை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இளைப்பாற நிழல், குடிக்கவும் உடல் கழுவவும் நன்னீர், வெடிப்புக்குக் களிம்பு, ஆண்டுதோறும் தோலும் கண்ணும் காணும் மருத்துவர். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

ஆகவே, இளைஞர்களே, புட்டியைக் கண்டதும் 'ஆதாரம் என்ன?' என்று கேளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். 'எவருக்காக? எதை இழிவென்று கருதி?' என்றும் கேளுங்கள். பிறகு அந்தக் கேள்வியை உப்பள உரிமையாளரிடமும் அரசிடமும் கொண்டுசெல்லுங்கள். மரக்காணத்துப் பாத்தியில் வெடித்து நிற்கும் பாதம் தன் விடைக்காகக் காத்திருக்கிறது.