எதிரணிக்கு ஒரு மோட்டார்

படைக்கலம் இழந்து நின்ற இராவணனைக் கம்பனின் இராமன் கொல்லாமல் திருப்பி அனுப்பினான்; எனினும், அவனுக்குத் தன் படைக்கலத்தைக் கொடுக்கவில்லை. அதனினும் ஒருபடி மேலே சென்று, எதிரணிக்குக் கருவி கொடுத்துவிட்டு அதனோடு மோதும் பிள்ளைகள் நிறைந்த களம் ஒன்று உண்டு. பள்ளி மாணவர்கள் தாம் உருவாக்கிய ரோபோக்களுடன் இறங்கும் ‘ஃபர்ஸ்ட்’ போட்டிக் களமே அது.

டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989இல் அவ்வமைப்பை நிறுவினார். அதன் முதற்போட்டி 1992இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பள்ளியொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு நடந்தது. இன்று அணிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன.

ஆட்டத்தின் அமைப்பே விந்தையானது. மூன்று அணிகள் ஒருபுறம், மூன்று மறுபுறம். முற்சுற்றுகளில் யாரோடு யார் சேர்வது என்பதை அட்டவணையே முடிவு செய்யும். காலையில் தோளோடு தோள் நின்றவர் மாலையில் எதிரே நிற்பர். பின்னர், முன்னணி அணிகள் தமக்கான துணைகளைத் தாமே தேர்ந்துகொள்ளும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆயினும், பழுதுபார்க்கும் கூடத்தில் பிள்ளைகள் நாள் முழுதும் திருகாணியும் மின்கம்பியுமாய்க் கிடப்பர். ‘இன்ன அணிக்கு மோட்டார் தேவை’ என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். கொண்டுவந்து கொடுப்பவர், சற்று நேரத்தில் அவ்வணியையே எதிர்த்து ஆட வேண்டியவராகவும் இருக்கலாம். திறமையும் கனிவும் ஒன்றையொன்று விலக்காத இப்பண்புக்கு அங்கே பெயர் சூட்டியவர் எம்.ஐ.டி. பேராசிரியராயிருந்து 2019இல் மறைந்த உட்டி ஃபிளவர்ஸ்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. இன்றைய எதிரி நாளைய துணையாகலாம் எனின், அவனுக்கு மோட்டார் கொடுப்பது அறமா, முன்யோசனையா? விருது வழங்கும் நடுவர்கள் இப்பண்பையும் கருத்திற்கொள்வர் என்பதும் பிள்ளைகள் அறிந்ததே. மறுமைப் பயன் கருதிக் கொடுப்பதைக்கூட வாணிகம் என்றே கண்டு, ஆய் அண்டிரன் அத்தகையவன் அல்லன் என்று பாடிய புறநானூற்று முடமோசியார் இதை ஏற்பாரோ?

ஏற்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால், தாயின் கண்பார்வைக்கு அஞ்சித் தின்பண்டத்தைப் பகிரும் குழந்தையை நாம் வணிகன் என்பதில்லையே! முதலில் கை பழகுகிறது. மனம் பழகியதா என்பது இறுதி ஆட்டங்களில்தான் தெரியவரும். துணைகள் முடிவாகிவிட்ட அந்நேரத்தில், எதிரிக்குக் கொடுப்பதால் கைம்மாறு எதுவும் கிட்டாது.

அப்போது வேறொரு கேள்வியும் குறுக்கிடும். அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த மோட்டார் கொடுப்பவனுடைய சொந்தப் பொருள் அன்று. பல வாரங்கள் உறக்கம் துறந்து உழைத்த தோழர் அனைவருக்கும் உரியது. தன்னுடையதைத் தருவது எளிது. பிறர் உழைப்பையும் சேர்த்துத் தருவதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டா? அவன் திரும்பித் தோழர்களைக் கேட்டாக வேண்டும். ஒருத்தி முகம் சுளிப்பாள். ஒருவன் ‘தோற்றால் நீ பொறுப்பா?’ என்பான். அவ்விரண்டு நிமிட வாக்குவாதத்தில் பிள்ளைகள் கற்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்குமா என்பது ஐயமே.

பெரியவர் கையில் திருப்புளி இருக்கும் அணிகளும் உள்ளன. அங்கே இக்கேள்வி பிள்ளைகளை வந்தடைவதே இல்லை. அவரே விடை சொல்லிவிடுகிறார்.