ருசியின் சாட்சியம்

ருசி விஷயத்தில் பொய் சொல்ல முடியுமா? நாக்குக்குத் தெரிந்தது அந்த நாக்குக்கு மட்டும்தான் தெரியும், அதில் பொய்யென்ன உண்மையென்ன என்று கேள்வியை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு கவிதையைப் பற்றி, நாவலைப் பற்றி நாம் தருகிற அபிப்பிராயங்கள், எத்தனை காரணங்களை அடுக்கினாலும், கடைசியில் 'எனக்கு இது இப்படி ருசித்தது' என்பதில்தான் போய் நிற்கின்றன. அந்த இடத்தில் பொய்க்கு வழியுண்டு என்றால் விமர்சனம் முழுவதுமே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. கவிதையை உதாரணமாக வைத்தால் உடனே கட்சி பிரிந்துவிடுவோம். ஆகவே நம்மில் யாருக்கும் கட்சியில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: ஷெர்ரிப் பீப்பாயில் 25 ஆண்டுகள் கிடந்த ஒரு விஸ்கி.

ஸ்காட்லாந்தில் ஸ்பே நதிப் பக்கத்தில் கிளென்ஃபார்க்ளஸ் என்றொரு வடிசாலை. 1865 முதல் கிராண்ட் குடும்பத்தாரின் கையில் இருப்பது. அதன் 25 ஆண்டு விஸ்கி அடையாறில் ஒரு நண்பர் வீட்டில் ஓர் அவுன்ஸ் அளவு கிடைத்தது. விலை, என்னைப் போன்ற வங்கி குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடியது. இம்மாதிரி விஸ்கிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சொல்வரிசை உண்டு: கிறிஸ்துமஸ் கேக், பழைய தோல் நாற்காலி, ஆரஞ்சு மர்மலேட். மயிலாப்பூரில் வளர்ந்த நாக்குக்கு இவை தகவல்கள், ஞாபகங்கள் அல்ல. அதற்கு அகப்பட்டவை வேறு. வெயிலில் பல நாள் காய்ந்து கறுத்த நார்த்தங்காய், பேரீச்சம்பழம், ஒரு நிமிஷம் கூடுதலாக முறுகிவிட்ட வெல்லப்பாகு, நெடுநாள் திறக்காத மரபீரோ, நாக்கின் ஓரங்களில் கடுக்காயின் துவர்ப்பு.

இது வரையில் சரி. நண்பர் 'உலர்ந்த திராட்சை' என்றார். அடுத்த மிடறில் எனக்கும் திராட்சை தெரிந்தது. அது விஸ்கியில் இருந்ததா, வார்த்தையில் இருந்ததா?

நண்பர் சொன்ன வார்த்தையைவிட வலிமையானது விலை. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவுகள் வெளியாயின. ஒரே திராட்சை மதுவை இரண்டு விலைகள் சொல்லிக் கொடுத்தார்கள். அதிக விலை என்று அறிந்து குடித்தபோது அது அதிகம் பிடித்தது என்றார்கள். வாயால் மட்டும் அல்ல; மூளையில் இன்பத்தைப் பதிவு செய்கிற பகுதியும் அவர்கள் சொன்னதற்கு ஏற்பவே கூடுதலாக இயங்கியது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை அவர்கள் நாக்கிலேயே இறங்கிவிட்டது. பொய் சொல்லாதவனின் சாட்சியமும் பொய்யாக இருக்கலாம் என்ற இந்த நிலைமை, நாம் வழக்கமாகப் பேசும் அந்தரங்க சுத்தி என்பதைவிடச் சிக்கலானது. உண்மையாக இருக்கவேண்டும் என்ற விருப்பம் மட்டும் இங்கே போதாது.

டேவிட் ஹ்யூம் 1757-ல் ருசியின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் செர்வாண்டிஸிடமிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாங்கோ பான்சாவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் மதுவை ருசி பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கோத்த ஒரு பழைய சாவி கிடக்கிறது. ஹ்யூமுக்கு இது நுண்மையான ருசிக்கு நிரூபணம். எனக்குத் தோன்றுகிற வித்தியாசம், கவிதையின் பீப்பாய் காலியாவதில்லை என்பது. அடியில் சாவி கிடந்தது என்று காட்டி யாரும் வாதத்தை முடித்துவைக்க முடியாது. கான்ட் 1790-ல் வேறு வழி சொன்னார்: கானரித் தீவு மது இனிமையானது என்பவன் 'எனக்கு' என்று சேர்த்துக்கொள்ளவேண்டும்; அழகைப் பற்றிப் பேசுகிறவனோ எல்லோருடைய சம்மதத்தையும் கோருகிறான். 'எனக்கு' என்று சேர்த்துக்கொள்வது பணிவுபோல் தோன்றும். ஆனால் அந்த 'நான்' எதனால் ஆனது என்று கேட்டால் சாவியைத் தேடவேண்டிய பீப்பாய் அதுதான் என்று தெரிகிறது.

பீப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். வடித்தவுடன் விஸ்கி நிறமற்றது. அதன் நிறத்திலும் மணத்திலும் பெரும்பகுதி மரம் தந்தவை. மரத்துக்கு அதற்கு முன் அதில் இருந்த ஷெர்ரி தந்தவை. ஆக, கடன் வாங்காத விஸ்கி என்று ஒன்றில்லை. கலப்பில்லாத சொந்த ருசியைக் கோருகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆனால் கடனிலும் இரண்டு விதம் உண்டு. முன்பெல்லாம் தென் ஸ்பெயினின் ஹெரெஸிலிருந்து ஷெர்ரி பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறியது. ஷெர்ரி தீர்ந்தபின் காலிப் பீப்பாய் விஸ்கிக்காரர்களிடம் போயிற்று. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்கவேண்டும் என்றானபின் அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்கென்றே பீப்பாய் செய்து, அதில் ஓரிரண்டு ஆண்டு ஷெர்ரியை நிரப்பிப் பதப்படுத்துகிறார்கள். அந்த ஷெர்ரி பெரும்பாலும் யாரும் குடிப்பதற்காக அல்ல. காடிக்கோ மறுபடி வடிப்பதற்கோ போகிறது. ஒரு பீப்பாய் தன் வேலையைச் செய்ததில் ஊறியது. இன்னொன்று ஊறியதாக இருக்கவேண்டும் என்பதற்காக ஊறவைக்கப்பட்டது.

இரண்டில் எது நல்ல விஸ்கி தரும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதும் நன்றாகவே தரலாம். ஆனால் ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த நம்மில் பலரிடம் இந்த இரண்டு வகையும் இருக்கிறது. எலியட்டோடு பத்து வருஷம் வாழ்ந்ததில் ஏறிய வாசனை ஒன்று. அடுத்த இதழ்க் கட்டுரைக்காக ஒரு வாரம் எலியட்டில் ஊறியது மற்றொன்று. படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். எழுதுகிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் நான் தேடிய பொய் என்று நினைக்கிறேன். ருசியில் பொய் நாக்கில் நிகழ்வதில்லை. ருசி எங்கிருந்து வந்தது என்ற கணக்கை மறைப்பதில் நிகழ்கிறது.

வயதின் மதிப்பையும் இதே கணக்கில் வைக்கவேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. 25 ஆண்டில் 60 சதவீதம் மிஞ்சும். 2004-ல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்டை அறிமுகப்படுத்திய பெங்களூர் அம்ருத்தில் ஆவியாவது ஆண்டுக்கு 10, 12 சதவீதம். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தால் 25 ஆண்டில் ஐந்தாறு சதவீதம்தான் தேறும். ஆகவே அங்கே எட்டு ஆண்டு விஸ்கியே அபூர்வம். 2013-ல் அப்படி ஒன்றை வெளியிட்டபோது 'பேராசைக்காரத் தேவதைகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 25 என்ற எண்ணை மட்டும் வைத்து அதை இளையது என்று தள்ளுகிறவன் ருசி பார்க்கவில்லை; குளிரான ஒரு தேசத்தின் நாட்காட்டியைப் படிக்கிறான். நம் மொழியின் புதுக்கவிதையை அந்நிய மரபுகளின் வயதோடு ஒப்பிட்டுச் சோர்வடைகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

தமிழுக்கு இந்தப் பேச்சு அந்நியமல்ல. மூங்கிலில் முதிர்ந்த தேறலும் யவனர் கொண்டுவந்த மதுவும் சங்கப் பாடல்களில் உண்டு. 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பிறகு குடி நமக்கு நீதியின் விஷயமாயிற்று. வருவாயின் விஷயமும் ஆகிவிட்டது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டு, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003-ல் அரசின் டாஸ்மாக்கே சில்லறை விற்பனையையும் ஏற்றது. பாவம், வரி என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ருசி என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. தி.நகரில் கடை வாசலில் நிற்கிறவன் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைக் கழிவிலிருந்து வடித்ததை, ருசி தெரியக்கூடாது என்பதற்காகவே, ஒரே மடக்கில் விழுங்குகிறான். முகம் சுளிக்கிறது. அவனை ஞானியாக்க வேண்டியதில்லை. அவன் வீட்டில் அதற்கு விலை கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரலைச் சேர்த்த தொல்காப்பியத்துக்கு அந்தச் சுளிப்பு புரிந்திருக்கும். அவன் குடிப்பது என்ன, ஏன் குடிக்கிறான் என்பதை அவன் முகம் மறைக்கவில்லை.

அடையாறு வீட்டில் ஓர் அவுன்ஸைச் சுழற்றி மோந்தவர்களின் முகங்களில் அந்த நிச்சயம் இல்லை. விலைக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு, நண்பரின் திராட்சைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் என் பங்குக்கு மிஞ்சுவது நார்த்தங்காயும் கடுக்காயும். கொஞ்சம்தான். விமர்சனம் என்று நான் கையெழுத்திடக்கூடியது அந்தக் கொஞ்சத்தின் கீழ்தான்.